கழுவிய மீட்டர் கோல்

மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், வயதான யூத அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பதினாறு வருஷமாக அவருக்குச் சமைக்கிறேன். அம்மா பிறந்தது வளர்ந்தது எல்லாம் பெங்களூர்தான். அவருடைய தாத்தா ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பெரிய கடை வைத்திருந்தாராம். நாலு மாடி. ஊசி நூலிலிருந்து கல்யாணத் துணி, பீங்கான் தட்டு வரை அங்கேயே கிடைக்கும். அந்தக் காலத்திலேயே லிஃப்ட்.

பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள், யூதர் கடையில் வாங்காதே என்று வாசலில் ஆள் நிறுத்தினார்கள். தினம் வந்தவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்துபோனார்கள். கடைசியில் மிரட்டிக் கையெழுத்து வாங்கிக் கடையைப் பிடுங்கி, வேறு பெயர் மாட்டினார்கள். தாத்தாவையும் பாட்டியையும் கொன்றார்கள், சமாதிகூட இல்லை. அம்மாவின் அப்பா மட்டும் ஒரே பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தார். அதில் துணி அளக்கிற மரக்கோல் ஒன்று. அதன்மேல் தங்க எழுத்தில் கடையின் பெயர், அதாவது தாத்தாவின் பெயர்.

போன வருஷம் அந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது. கடையைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம். பெயர் போட்ட பொருள் அங்கே ஒன்றுகூட இல்லையாம். அம்மா கோலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பண்டிகை முடிஞ்சதும் பார்சல் பண்ணலாம். எங்க தாத்தா பேரு ஊருக்குத் திரும்பிப் போகுது, பாத்தியா!"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆயுத பூஜைக்கு அந்த வீட்டு அடுப்புக்கும் அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் நான் பொட்டு வைப்பது வழக்கம். அம்மா தடுத்ததில்லை. அன்று அவர் குளிக்கப் போயிருந்தார். கோலைப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கே சோறு போட்ட கருவி, கடல் தாண்டிப் போகிறது, அழுக்கோடு அனுப்பலாமா? சோப்புத்தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். எழுத்தும் பளபளக்கும் என்று நினைத்தேன். துடைத்துப் பார்த்தால் வெறும் மரம்.

அம்மா வந்து அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அங்க இந்தப் பேரை ஏணி போட்டு, நாலு ஆள் வச்சு எடுத்தாங்க. நீ ஒரு நாரை வச்சே முடிச்சிட்டே."

காலில் விழுந்தேன்.

"எழுந்திரு. புடவையெல்லாம் ஈரம்."

"சிவாஜிநகர்ல போர்டு எழுதறவங்க இருக்காங்கம்மா. அதே மாதிரி எழுதி வாங்கிட்டு வரேன்."

"இங்க எழுதினதை எங்க தாத்தாதுன்னு அனுப்பச் சொல்றியா?"

நான் செய்த பூஜைச் சுண்டலை அன்று அம்மா தொடவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தபாலில் போடச் சொல்லி ஒரு கவர் கொடுத்தார். பார்சல் இல்லை. என்னம்மா எழுதியிருக்கீங்க என்று கேட்டேன்.

"எங்ககிட்டயும் ஒண்ணும் மிஞ்சலைன்னு."

நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் அன்று அந்தத் தாத்தா பெயரைத் தேய்த்தேன் என்பதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.