இருபத்தொன்று, குட்டை, பழைய குடும்பம்

எங்கள் வீட்டில் தொலைபேசிப் பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கி, தமிழில் நடந்து, மலாயில் முடியும். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி, மலேசியாவில் தம்பின் என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இன்னமும் நடுப்பகுதிதான் எனக்கு முழுசாகக் காதில் ஏறுகிறது. போன சனிக்கிழமை அந்த நடுப்பகுதி கொடுத்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

மகள் தர்ஷினிக்கு இருபத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் நெல் ஆராய்ச்சி செய்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் அஞ்சடியில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், நடந்துகொண்டே தோழியிடம் பேசினாள். நான் உள்ளே தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்தும்போதெல்லாம் பேச்சில் ஒரு துண்டு, இந்த ஊர் 'லா'வோடு, வந்து விழுந்தது.

"ரொம்பப் பழைய ஃபேமிலிலா. நல்ல ஃபேமிலி."

அரைத்தேன். நிறுத்தினேன்.

"குட்டைதான். இருபத்தொன்னுதான். ஆனா அது வந்துட்டா மத்தது எதுவும் வாயத் தொறக்காது."

மறுபடி அரைத்தேன்.

"செலக்‌ஷன் முடிஞ்சிருச்சு. அம்மாகிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அழுவாங்க."

எண்ணெய் பிரியும்வரை தேங்காயை அரைத்தேன். எங்களுக்கு ஒரே பெண். என்னை விட்டுப் போய்விடுவாள் என்பதுதான் பயம். மாப்பிள்ளை குட்டை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பயப்படக் காரணமும் உண்டு. என்னைப் பெண் கேட்டு வந்தபோது, "பையனுக்கு மலேசியாவுல எஸ்டேட்" என்றார் தரகர். எங்கள் பக்கம் எஸ்டேட் என்றால் முதலாளி. அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர்தான் எஸ்டேட்டுக்குச் சொந்தம், எஸ்டேட் அவருக்குச் சொந்தமில்லை என்று. எண்ணெய் ஆலையில் எலெக்ட்ரீஷியன். நல்ல மனிதராக அமைந்ததால் தப்பித்தேன். என் பெண்ணுக்கும் அப்படி அமையும் என்று என்ன நிச்சயம்?

பக்கத்து வீட்டுக் கமலா அக்கா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். வேலியோரம் அவரிடம் கிசுகிசுத்தேன்.

"இருபத்தொன்னா? மீசையாச்சும் மொளச்சிருக்கா?" என்றவர், நான் தடுப்பதற்குள் அஞ்சடிக்கே போய்விட்டார். "ஏ பாப்பா, மாப்ள ஒன் தோளு வரைக்கும் வருவானா?"

"எந்த மாப்ள, ஆன்ட்டி?"

"அதான்லா, பழைய ஃபேமிலி, யாரையும் வாயத் தொறக்க விடாதாமே."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அது மைக்ரோ ஆர்என்ஏம்மா!"

நெல்லுக்குள் இருக்கும் ஒரு சின்னத் துணுக்காம். எழுத்தெழுத்தாக எண்ணினால் இருபத்தொன்றுதான் தேறும். மற்ற ஜீன்கள் பேச வந்தால் வாயை அடைப்பது அதன் வேலை. பயிர் எத்தனை தூர் விடவேண்டும், கதிர் எப்படிக் கிளைக்கவேண்டும் என்பதெல்லாம் இந்த அடக்குமுறையில் இருக்கிறதாம். இந்தத் துணுக்குகளில் சில பழைய குடும்பங்கள் நெல், கோதுமை, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. அவற்றில் கை வைத்தால் பயிர் கெட்டுவிடும்.

"புதுசாவும் மொளைக்கும்மா. நெறைய காணாமப் போயிரும். ஒன்னு ரெண்டு மட்டும் எதுக்காவது ஒதவி, நின்னுரும். அந்தக் காலத்துல காட்டு நெல்லுலருந்து நல்ல கதிராப் பாத்து விதைக்கு எடுத்தாங்கள்ல? அதுல எதெது தேறி வந்துச்சுன்னுதான் தேடுறோம்."

"எது நிக்கும்னு முன்னாடியே தெரியுமா?"

"நின்னப்புறம்தான் தெரியும்."

"அடப் போ, ஒரு விருந்து போச்சுலா" என்று கமலா அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. "அப்ப நான் அழுவேன்னியே, அது?"

அவள் சிரிப்பு நின்றது. "அந்த செலக்‌ஷன் நான்மா. தஞ்சாவூர் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்துல எடுத்திருக்காங்க. ரெண்டு வருஷம்."

லண்டன், ஆஸ்திரேலியா என்றால் அழுவதற்குத் தயாராக இருந்தேன். தஞ்சாவூருக்கு என்னிடம் கண்ணீர் இல்லை. நான் விட்டு வந்த ஊர்ப் பக்கத்துக்கே என் மகள் விசா வாங்கிக்கொண்டு போகப்போகிறாள்.

கும்பகோணத்தில் இருக்கும் அண்ணனை அழைத்துச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உடனே கவலையும் பட்டார். "வெளிநாட்டுப் பொண்ணாச்சேம்மா. நம்ம காரம் தாங்குமா?"

"எங்க ஊருப் புள்ளைங்க சம்பல் தின்னு வளந்ததுங்கண்ணா. ஒங்க காரமெல்லாம் ஒன்னுமே இல்லலா!"

"எங்க ஊரா?" என்றார் அண்ணன்.

அதற்குள் குக்கர் விசில் அடித்தது. அடுப்பைக் குறைக்க எழுந்து ஓடினேன். என் அடுப்பு எரியவே இல்லை. விசில் அடித்தது ஃபோனுக்குள், கும்பகோணத்தில்.