மோட்சத்தில் போட்ட துண்டு

“…பிள்ளை ஒரு பக்கம், அவிய ஒரு பக்கம்னு ஆக்கிட்டியளேக்கா. இனி நான் எந்தப் பக்கம் போவ?”

பக்கத்துக் குடித்தனத்துப் பெண் இதைக் கேட்டபோது குரலை உயர்த்தவில்லை. எங்கள் வீட்டு நடையில், என் மனைவிக்கு எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் உள்ளே ஒரு ரேடியோவின் முதுகைத் திறந்துவைத்துக்கொண்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயம் பற்றவைக்கிற கோல் மேஜையைத் தீய்க்கிற வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் கையில் கோல் இருக்கிற நினைப்பே வந்தது.

மந்தைவெளியில் ஒரே வாசலுக்குள் ஐந்து குடித்தனம் இருந்த வீடு அது. எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் வேதக்காரர்கள். என் மனைவியின் குடும்பம் சாந்தோம் கோயில் மணியைக் கேட்டே தலைமுறை தலைமுறையாக எழுந்த குடும்பம். பக்கத்துக் குடித்தனத்துக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைமார். அந்தப் பெண்ணின் புருஷன் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை பார்த்தான். பேச ஆரம்பித்தால் குழாயடியில் நிற்கிற பெண்கள் குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்கமாட்டார்கள்.

எங்கள் கடைசிப் பையனின் ஞானஸ்நானத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். ஞானத்தாய் குழந்தையைக் கையில் கிடத்தித் தலையைத் தாழ்த்திப் பிடிக்க, சாமியார் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடை பழகும் முன்பே காய்ச்சலில் போயிருந்தது. பிறகு பிறக்கவில்லை.

அன்று சாப்பாட்டின்போது அவன் என் மனைவியைச் சீண்டினான்.

“யக்கா, உங்க மோட்சத்துல எல்லாருக்கும் வெள்ளை அங்கிதான்னு சொல்லுதிய. கரையும் கிடையாது, கலரும் கிடையாது. எனக்கு அங்க என்ன வேலை?”

“வேலையே கிடையாது தம்பி. உக்காந்துகினு ஆண்டவரைப் பாத்துகினே இருக்கலாம்.”

“இங்கயும் மொதலாளியப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஆனா நின்னுக்கிட்டு. கடைக்குள்ள உக்கார விடமாட்டாவ. அங்க உக்காரலாம்னா சரி, எனக்கும் ஒரு துண்டு போட்டு வைங்க.”

பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுவார்களே, அதைச் சொன்னான். இதை எத்தனை பேரிடமோ சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பார்க்கிற ஜனங்களையெல்லாம் ஆண்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் தவிப்பு. செபமாலை சொல்லும்போது அவன் பெயரையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அடுத்த வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை முற்றியது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அவன் பெண்டாட்டிக்குத் துணையாக என் மனைவி போய் உட்கார்ந்திருந்தாள். போனவன் திரும்பி வரவில்லை. நடந்தது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நடையில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். “எங்க போயி அலையுதாவளோ” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“எங்கயும் அலையல. நேரா மோட்சத்துக்குப் போயிட்டார். நீ வெந்நீர் வாங்கப் போனியே, அப்ப அவர் நெத்தில நானே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டேன்.”

சாகக் கிடக்கிறவருக்கு அவசரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தைகளைச் சொன்னால் போதும் என்று எங்களுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வளர்ந்த ஆளென்றால் அவர் மனசார விரும்பியிருக்க வேண்டும் என்றும் அதே வகுப்பில்தான் சொன்னார்கள்.

“அவிய கேட்டாவளா?” என்றாள் அந்தப் பெண்.

“துண்டு போட்டு வைன்னு சொன்னாரே. நீயும்தானே பக்கத்துல இருந்தே.”

சாப்பாட்டுப் பந்தியில் சொன்ன கிண்டலைச் சம்மதம் என்று இவள் எடுத்து வைத்திருக்கிறாள். நான் கையில் கோலோடு உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் திட்டப் போகிறாள், ஐந்து குடித்தனமும் கூடப் போகிறது என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப பிள்ளையும் அவியளும் சேந்துட்டாவளா?”

என் மனைவி பொய் சொல்லத் தெரியாதவள். அன்றாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “ஞானஸ்நானம் வாங்காத குழந்தைங்களுக்குத் தனியா ஒரு இடம்மா. நெருப்பில்ல, வேதனையில்ல. ஆனா மோட்சமும் இல்ல.”

“அவிய நெனவு தப்பும்போதுகூட, பயப்படாத, பிள்ளைகிட்டதான போறேன்னு சொல்லிட்டுதான் கண்ணை மூடினாவ. நீங்க ஊத்துனத எடுத்துருங்கக்கா.”

“எடுக்க முடியாதும்மா. சாமியாராலயே முடியாது. அது அழியாத முத்திரை.” அதோடு நிறுத்தாமல், “நீயும் வந்துடேன். அவரோட சேந்துக்கலாம்” என்றாள்.

அதற்குத்தான் அந்தப் பெண், இனி எந்தப் பக்கம் போவ என்று அந்தக் கேள்வியைக் கேட்டாள். மோட்சம், நரகம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்ட காது என்னுடையது. ஒரு சாமியாரும் இதற்குப் பதில் வைத்திருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்தப் பெண் எழுந்து தன் வீட்டுக்குள் போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவளிடம் ஒரு சின்னச் சட்டை இருந்தது. கடையில் மிஞ்சிய மஞ்சள் துணியில், செத்துப்போன அந்தப் பெண் குழந்தைக்கு அவன் தைத்து வாங்கிக் கொடுத்த சட்டை. எங்கள் பானையைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு என் மனைவியின் கையில் கொடுத்தாள். பிறகு அவள் முன்னால் மண்டியிட்டு, அந்தச் சட்டையை இடது கையில் கிடத்தி, கழுத்துப் பக்கத்தை மெல்லத் தாழ்த்திப் பிடித்தாள்.