கூண்டுக்கு மைக் கிடையாது

முதல் திட்டு ஆட்டோக்காரருக்கு. வலியசாலைத் தெருமுனையில் ஏறும்போதே மங்கலம் ஆரம்பித்துவிடுவார். கோர்ட்டு வாசலில் இறங்குவதற்குள் தோண்டிப்போட்ட ரோடு, குறுக்கே வந்த ஸ்கூட்டர், காது கிழிய ஹாரன் அடித்த பஸ் என்று எல்லாருக்கும் பங்கு கிடைத்துவிடும். படியேறினால் அடுத்தது இன்ஸ்பெக்டர். "யாராக்கும் இந்தக் கேஸ்கட்டைக் கட்டினது? ஃபோட்டோ எங்கே, ரிப்போர்ட் எங்கேன்னு நான் மை போட்டுப் பார்க்கணுமோ?" இன்ஸ்பெக்டர் கொல்லத்துக்காரர், சுத்த மலையாளி. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு கட்டைப் பிரிப்பார். திருவனந்தபுரத்தில் தமிழில் திட்டினால் யாருக்கும் புரியும் என்பது மங்கலத்தின் நம்பிக்கை. மலையாளத்தில் பேசினால் எந்தத் தமிழனுக்கும் புரியும் என்பது ஊரின் நம்பிக்கை.

வயது ஐம்பத்தாறு. அரசு வக்கீல். கைக்கு வருவதெல்லாம் கொலை வழக்கு. அவற்றில் சிலவற்றில் குற்றவாளிக்கு மரண தண்டனை கேட்டு எழுந்து நிற்க வேண்டியிருக்கும். கோர்ட்டில் அதை ஆங்கிலத்தில் கேட்பார். வீட்டிலோ அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. "அது" என்றுதான் சொல்ல வேண்டும். சமையல் கணவர் பட்டாபியுடையது. காலைச் சாப்பாட்டில் மங்கலம் தட்டை நகர்த்துகிற வேகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

"இன்னிக்கு அதுவோ?"

"ஆமாம். அதனாலயாக்கும் ரசத்துல உப்பே போடலையோ?"

மங்கலத்துக்குப் பற்றிக்கொண்டு வருவது லட்டைக் கண்டால். தூக்கு என்று தீர்ப்பு வந்த நாளில் கோர்ட்டு வாசலில் யாராவது டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள். போன தடவை ஒரு பெரிய மனிதர், கேமராக்காரர்கள் சுற்றி நிற்க, வாயிலேயே ஊட்ட வந்துவிட்டார். "செத்தவா செத்தாச்சு. இன்னும் ஒருத்தனைக் கொல்லுங்கோன்னு கேட்டுட்டு வரேன். இதுல லட்டு என்ன வேண்டிக்கிடக்கு?" டப்பா மூடிக்கொண்டது. தூக்கே கூடாது என்று மேடையில் பேசுகிறவர்கள் வந்தாலும் இதே மரியாதைதான். "முதல்ல அந்த ஃபோட்டோவைப் பாருங்கோ. அப்புறம் வந்து பேசுங்கோ."

அந்த ஃபோட்டோ நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு ஃப்ளாட்டில் எடுத்தது. லலிதாம்பாள் என்ற அம்மாளும் அவருடைய பேத்தி மீராவும் தரையில் கிடக்கிறார்கள். பெயின்ட் அடிக்க வந்த இசக்கிப்பாண்டி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், கழுத்துச் சங்கிலிக்காக அந்த அம்மாளைக் கொன்றான். குழந்தை பார்த்துவிட்டது என்று அதையும் கொன்றான். இதைச் சொல்லும்போது மங்கலம் ஃபோட்டோவை மேஜையில் அறைந்து வைப்பார்.

குற்றம் நிரூபணமாகி, தண்டனை என்ன என்பது மட்டும் பாக்கி. மீராவின் அம்மா ஆஷா கம்பெனி வேலையைக்கூட விட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அன்று காலை மங்கலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, இன்னிக்கோட முடிச்சுடுங்கோ. இனிமே என்னால வர முடியாது." முடித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார் மங்கலம்.

தண்டனை சொல்லுமுன் குற்றவாளியிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது சட்டம். ஜட்ஜ் கேட்டார். "சிக்ஷயெக்குறிச்சு எந்தெங்கிலும் போதிப்பிக்கானுண்டோ?" தண்டனையைப் பற்றித் தெரிவிக்க ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். ஹாலின் கடைசியில் கூண்டில் நின்ற இசக்கிப்பாண்டி சிரித்தபடி தலையாட்டினான்.

"சரிங்கய்யா."

சிரிக்கிறானே பாவி என்று ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. ஒன்றும் சொல்வதற்கில்லை என்று பதிவுசெய்ய ஜட்ஜ் வாயெடுத்தார். வக்கீல்கள் ஜட்ஜைப் பார்த்து உட்காருகிறவர்கள். கூண்டு எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். "சரிங்கய்யா" காதில் விழுந்ததும் மங்கலம் திரும்பிப் பார்த்தார். அது திமிர்ச் சிரிப்பு இல்லை. ஒன்றும் விளங்காமல் பெரிய மனிதர்கள் முன்னால் சிரித்துவைக்கிற சிரிப்பு. ஜெயிலில் சோறு, தண்ணீருக்கு வெள்ளம் என்று நாலு வார்த்தை பழகியிருப்பான். இந்தக் கோர்ட்டு மலையாளம் அவனுக்கு எங்கே எட்டும்? விசாரணை முழுக்க இப்படியேதான் தலையாட்டியிருக்கிறான். அரைகுறைத் தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த ஹாலில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லை. அவனுக்காக வாதாட வந்த இலவச வக்கீல் மொபைலைத் தடவிக்கொண்டிருந்தார்.

மங்கலம் எழுந்தார். இவனுக்குக் கேள்வியே புரியவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். ஜட்ஜ் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். மேடத்துக்குத் தமிழ் தெரியுமே, மேடமே கேட்டுச் சொல்லிவிடலாமே என்றார், இதமாகத்தான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. "இவன் கழுத்தைக் கேட்டு நிற்கிறவள் நான். இவனுக்கு நாக்காகவும் நானேதான் இருக்க வேண்டுமா?" என்று மலையாளத்தில் அவர் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது. வழக்கு தள்ளிப்போனது.

வராந்தாவில் ஆஷா வழியை மறித்தாள். "மீரா அவன்கிட்ட அழுதிருப்பாளே, மாமி. அது மட்டும் அவனுக்குப் புரிஞ்சிருக்குமோ?"

அன்று சாயங்காலம் குறுக்கே வந்த ஸ்கூட்டருக்குக்கூடத் திட்டு விழவில்லை. ஆட்டோக்காரரே பயந்துபோய், "மேடத்துக்கு சுகமில்லையோ?" என்று விசாரித்தார்.

அடுத்த வாய்தாவுக்கு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரைப் பிடித்து வந்திருந்தார்கள். பூப்போலப் பேசுகிறவர். கூண்டை ஒட்டி நின்று ஒவ்வொன்றையும் இசக்கிப்பாண்டியின் காதோடு தமிழில் சொன்னார். வர முடியாது என்ற ஆஷாவும் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மங்கலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. மங்கலம் கொலையைச் சொன்னார், குழந்தையைச் சொன்னார், கடைசியில் அரசு மரண தண்டனை கோருகிறது என்று வழக்கம்போல் ஆங்கிலத்தில் முடித்தார். வாத்தியார் மென்று விழுங்கினார்.

"உனக்குப் பெரிய தண்டனையா கேக்கறாங்கப்பா."

இசக்கிப்பாண்டி சிரித்தான். தலையாட்டினான். "சரிங்கய்யா."

"பெரிய தண்டனையாவது மண்ணாங்கட்டியாவது! உள்ளதைச் சொல்லுங்கோ, ஸார்!"

"அதை எப்படிம்மா ஒருத்தன் மூஞ்சியப் பாத்து..."

மங்கலம் ஜட்ஜுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். எந்த வக்கீலும் செய்யத் துணியாத காரியம். கவுன் காலில் தடுக்க, கூண்டுவரை நடந்தார்.

"இங்க பாருடா. உன்னைத் தூக்குல போடச் சொல்லி நானாக்கும் கேக்கறேன். கழுத்துல கயிறு போட்டு. மனசிலாச்சா?"

சிரிப்பு நின்றுபோயிற்று. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"வெளங்குதும்மா... நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பிள்ள..." குரல் எழும்பவில்லை. கேட்கவில்லை, உரக்கப் பேசச் சொல்லுங்கள் என்றார் ஜட்ஜ். அவனால் முடியவில்லை. சாட்சி சொல்கிற இடத்தில்தான் மைக் உண்டு. குற்றவாளிக் கூண்டுக்குக் கிடையாது. ஆஷா இப்போது நேராக மங்கலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கலம் அந்தப் பார்வையைத் தாண்டிப் போய், சாட்சி மைக்கைப் பிடுங்கி, பெஞ்சுக்காரர்களைக் காலை எடுக்கச் சொல்லி அதட்டி, வயர் எட்டியமட்டும் இழுத்துக்கொண்டு வந்து, அவன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.