கலங்கலாத் தெரியிற டிவி

தேவிபட்டினத்தில் ஜாபர் சாதிக்கின் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவர் வயிறு தெரியும். தெருமுனையில் முதலில் அது திரும்பும். அவர் பின்னால் வருவார். சவூதி அரேபியாவில், தம்மாம் நகரத்து ஷேக் ஒருவர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். ஷேக் இளைத்துக்கொண்டே போனதால்தான் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பரப்பியது யாரென்று கேட்காதீர்கள்.

இப்போது கரைக்கு ஐஸ் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். உடம்பில் சர்க்கரையும் ஏறிவிட்டது. மனைவி சுலைகா அவரைக் கோதுமைக் கஞ்சியில் கட்டிப்போட்டிருந்தாள்.

அவள் தம்பி இஃப்திகாரின் நிக்காஹ் முடிந்து வந்தபோது, "ஒரு கை சோறுதான் புள்ள, அதுவும் தயிர் ஊத்தி" என்றார். பெண்கள் பந்தி மாடியில் நடந்ததால் சுலைகா நம்பிவிட்டாள். கீழே நடந்தது வேறு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து உண்பது சஹன். மனிதர் இடம் மாறி மாறி மூன்று சஹனில் உட்கார்ந்தார். மூன்றாவதில் நல்லி எலும்பை உறிஞ்சியபடி நிமிர்ந்தால், தலைக்கு மேலே கிரேன் கேமரா!

அந்த வீடியோ வெள்ளிக்கிழமை வருகிறது. வீட்டில் பழைய டிவி உப்புக்காற்றில் செத்துப் போயிருந்தது. "நல்லா பளிச்சுன்னு தெரியிற டிவியா வாங்கிட்டு வாங்க. என் ஆரம் தெரியணும்" என்று சொல்லி அனுப்பினாள் சுலைகா.

கல்யாண வீடியோ பார்க்க என்று கேட்டதும், ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துக் கடையில் வீரமணி இரண்டு டிவியைப் போட்டுக் காட்டினான்.

"இது ஃபுல் ஹெச்.டி. பாய். புள்ளி ரெண்டு மடங்கு. மாப்பிள்ளை மீசைய ஒவ்வொரு முடியா எண்ணலாம்."

"எண்ணி? நான் என்ன சலூனா வச்சிருக்கேன்? அந்தா, அது?"

"அதுல புள்ளி கம்மி. கூட்டத்தக் காட்டுனா மூஞ்சி கலங்கலாத் தெரியும்."

ஜாபர் சாதிக் முகம் மலர்ந்தது. "எம்புட்டு கலங்கலா? ஆளு அடையாளம் தெரியாதுல்ல?"

"பாய், இப்படி யாருமே கேட்டதில்ல."

"இதே புள்ளில பெரிய டிவி இருக்கா?"

"நாப்பது இஞ்சு ஒண்ணு விக்காமக் கெடக்கு. அதுல மூஞ்சி இட்லி மாவு மாதிரி பரவிரும்."

"அதத் தூக்குலே!"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இஃப்திகார் பென்டிரைவைச் செருகினான். பந்திக் காட்சி வந்தது. எல்லாம் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மாவு முகம். ஜாபர் சாதிக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

சுலைகா டிவிக்கு அருகே போனாள். "எதுத்த பக்கத்துக் கறிய எந்திரிச்சு எடுக்கிறது நீங்கதானே?"

"யாரோ புள்ள. ஊருல தொந்தி எனக்கு மட்டுமா இருக்கு?"

"இந்தா, அடுத்த சஹன்லயும் அதே தொந்தி. அந்தா, தொதல் அல்வாத் தட்ட மடியில வச்சிருக்கிறதும் நீங்கதான். அண்டாகிட்ட நின்னு பார்சல் கட்டுறது? ஐயோ, ஐஸ்கிரீமு!"

எந்த ஆளைக் காட்டினாலும் அவராகத்தான் இருந்தார். ஜாபர் சாதிக் டிவியில் மூக்கு ஒட்டும்படி போய்ப் பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏ புள்ள, அநியாயமாப் பேசாத! நான் தின்னது மூணே மூணு சஹன்தான்! தொதல் தின்னவன் நான் இல்ல!"

சுலைகா ரிமோட்டை எடுத்து வீடியோவை நிறுத்தினாள்.

"மூணா மச்சான்?" என்றான் இஃப்திகார்.

சுலைகா தீர்ப்புச் சொன்னாள். சஹனுக்கு ஒரு மாசம் பாகற்காய்ச் சாறு. தொதலுக்கு இன்னொரு மாசம். ஐஸ்கிரீமுக்கு யோசித்துச் சொல்வாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே ஜாபர் சாதிக் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்ன பாய், கலங்கல் பத்தலையா?"

"ஏலே வீரமணி, இத வச்சுக்கிட்டு அந்த மீசை எண்ணுற டிவியக் குடுலே. தொதல் தின்னவன் மூஞ்சிய எம் பொண்டாட்டிக்குக் காட்டணும்."