கோர்வைத் தறியில் ஒரு சொம்புத் தண்ணீர்

சனிக்கிழமை காலை, காஞ்சிபுரம் பேருந்து நிலையம். பிள்ளையார்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

"புடவை எடுக்கவாமா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, தோழி வீட்டுக்கு."

"வெறுங்கையோட திரும்ப மாட்டே, பாரு."

மருத்துவக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. தோழி தேவிக்கும் அதே இடத்தில்தான் வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பெற்றோர் ஏழுமலையும் மங்கையும் தறியில் இருந்தார்கள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இணைக்கும் கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஏழுமலை புடவையின் உடலுக்கு நூல் சுற்றிய நாடாவை வீச, பக்கத்தில் அமர்ந்து மங்கை கரைக்கு வீசினார். ஒருவர் எழுந்தால் மற்றவருக்கு வேலை நின்றுவிடும்.

முற்பகலில் மங்கை சட்டென எழுந்தார். "கண்ணு இருட்டிக்கினு வருது" என்றபடியே சுவரோரம் சரிந்தார். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. படுக்கவைத்துக் கால்களைத் தலையணைமேல் உயர்த்தினோம். சில நிமிடங்களில் தெளிந்தார். இந்த மாதம் இது மூன்றாம் முறை என்றாள் தேவி.

"இனிமே நீ தறிக்கு வரவேணாம்" என்றார் ஏழுமலை.

"அப்ப கோர்வை யாரு போடுவா, உங்க தங்கச்சியா? அவ நூலப் பார்த்தாலே தூங்கிடுவா!" மங்கை சிரிக்கத்தான் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

பக்கத்து கிளினிக்கில் மருத்துவர் படுக்கவைத்து அளந்தபோது இரத்த அழுத்தம் 110/70. நிற்கவைத்தபோது 84/56. இரத்தப்போக்கு, இதயக் கோளாறு, வேறு மாத்திரைகள், பட்டினி என்று காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். இசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி.

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?"

"தறியில உக்காந்தா குடிக்கறதில்ல மேடம். குடிச்சா எழுந்துக்கணும். நான் எழுந்தா அவரு கையக் கட்டிக்கினு உக்காரணுமே."

ஏழுமலை நிமிர்ந்தார். "நானும் அதுக்குத்தான் குடிக்கறதில்ல. நான் எழுந்தா நீ சும்மா உக்காரணும்னு!"

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். மங்கை சிரிக்கவில்லை. "நான் தறியில உக்காரலாமா?"

"இன்னிக்கு வேணாம். நாளையிலேர்ந்து தாராளமா."

மாத்திரை எழுதவில்லை. அடிக்கடி தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு. எழும் முன் கால்களை அசைத்து, மெல்ல நிற்பது. மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. மறுபடி மயங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வரவேண்டும்.

ஞாயிறு காலை கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டும்போது தறிச் சத்தம் நின்றது. தேவியும் நானும் பதறி உள்ளே பார்த்தோம்.

மங்கை கையில் சொம்பு. "முழுசா குடிங்க. பாதிய வச்சி ஏமாத்தற வேலையெல்லாம் வேணாம்."

ஏழுமலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.