பூண்டு இல்லாத கவிதை

எண்ணெய் ஊறிய வடைக் காகிதம் என்றால் எனக்கு வடை ஞாபகம் வருவதில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அதன்மேல் விரலை வைக்கும் அக்காதான் ஞாபகத்துக்கு வருகிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனி. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டி, குறை பார்த்து அனுப்புவது எங்கள் வேலை. அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து ஸ்டூல்காரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். டீ இடைவேளையில் வடை மடித்து வந்த தாளை விரித்துப்போட்டு, விரல் விழுகிற ஐந்து சொற்களை எடுப்பாள். மறுநாளைக்குள் அந்த ஐந்தும் வருகிற மாதிரி ஆளுக்கொரு கவிதை எழுத வேண்டும். பிடிக்காத சொல் விழுந்து நான் சிணுங்கினால் விடமாட்டாள். “வந்த வார்த்தைய தள்ளக் கூடாதுடி. ஊட்டுக்கு வந்தவங்கள வெளிய போன்னு சொல்லுவியா?” என்பாள்.

ஒரு மகளிர் தினத்துக்குக் கம்பெனியில் சிறப்பு மலர் அச்சடித்தார்கள். நட்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், நல்லதை விழா மேடையில் வாசிப்போம் என்றார்கள். அன்றைக்கு அக்காவின் விரலுக்கு அகப்பட்டவை மூட்டுவலி, சாக்கடை, எட்டேகால், தார்ப்பாய், பூண்டு. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் அக்கா நீட்டிய தாளில் இப்படி இருந்தது:

எட்டேகால் பஸ்ஸுக்கு ஓடுறோம்,
மூட்டுவலி எனக்கு, நொண்டுறது அவ.
சாக்கடை தாண்ட நீட்டுற கையில
பூண்டு வாசம்.
மழைக்குத் தார்ப்பாய் ஒண்ணு, தலை ரெண்டு.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று படியெடுக்க என்னிடம் கொடுத்தாள். அங்கேதான் என் புத்தி கெட்டது. மேடையில் வாசிக்கப்போகிறார்கள், சாக்கடையாம் பூண்டாம், நாலு பேர் சிரித்தால் அக்காவுக்குத்தானே அவமானம் என்று நினைத்தேன். மூட்டுவலியை மனவலி ஆக்கினேன். சாக்கடையை நீரோடை ஆக்கினேன். பூண்டு வாசம் மல்லிகை மணம் ஆயிற்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையில் அவள் பெயரைச் சொல்லி வாசித்தபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நான்தான் எல்லாரையும்விட பலமாகத் தட்டினேன்.

அக்கா தட்டவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் சொன்னாள்: “நல்லாத்தான் கீது. ஆனா நான் உன்னப் பத்தி எழுதிகினு வந்தேன்டி. நீ உன்னையே தூக்கிப் போட்டுட்டு மல்லிப்பூவ வெச்சிகினியே.”

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஓட்டலுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தோம். விடியற்காலை உரித்துவிட்டு வேலைக்கு வருவேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையை விட்டு அந்த வாசம் போகாது. அக்கா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு ரோஷம். நல்லது செய்ததற்கு இந்தப் பேச்சா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுவாரம் அவள் பேக்கிங் பக்கம் மாற்றிக்கொண்டு போனாள், கொஞ்ச நாளில் வேலையையே விட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகி முகப்பேர் வந்தேன். அக்கா இருக்கும் கோவில்பதாகை என்ன வெளிநாடா? போகத்தான் இல்லை.

போன மாதம் பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதமாம். அன்றே கிளம்பினேன். கட்டிலில் சாய்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள். மருமகள்தான் விளக்கினாள். “அத்தைக்கு எல்லாம் புரியுதுக்கா, ஆளும் தெரியுது. சொல்றதுதான் வர மாட்டேங்குது. இன்னா வார்த்த வாயில வருதோ அதான். தண்ணி வேணும்னா செருப்புங்குது.”

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். “நான் பண்ணது தப்புக்கா. என்னை மன்னிச்சிட்டியா?”

“பக்கெட்டு,” என்றாள்.

மருமகள் ஓடிப்போய்ப் பக்கெட்டை எடுத்துவந்தாள். அக்கா அது இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினாள். என் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணில் நீர் வழிய, திரும்பவும் அதையே சொன்னாள். “பக்கெட்டு. பக்கெட்டு.”

விடுடி என்றாளா, இப்போதுதான் வழி தெரிந்ததா என்று திட்டினாளா, எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் தாளில் எழுதினேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் எழுதக் கை வரவில்லை. நான் எதைச் சேர்த்தாலும் அது நான் விரும்பும் பதிலாகத்தான் இருக்கும், அக்கா சொன்னது ஆகாது.