கரவனை இறக்குவதா, திருப்புவதா

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்க நாங்கள் வாங்கிய கரவனில் நான்கு பேர் படுக்கலாம் என்று விற்றவர் சொன்னார். படுத்துப் பார்க்க எங்களுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. வாங்கி மூன்று மாதத்துக்குள் அது சிட்னியில் பரமட்டாப் பக்கத்துத் தமிழருக்கெல்லாம் பொது லொறியாகிவிட்டது.

தொண்ணூற்றிரண்டில் ஈஸ்டர் விடுமுறைக்கு ஐந்து குடும்பங்கள் தெற்கே நவ்ராப் பக்கத்துக் கடற்கரையில் கூடுவதாக ஏற்பாடு. மற்ற நான்கு குடும்பமும் காரில் நேரே போய்விட்டார்கள். எங்கள் ஒன்பது வயது மகள் அருவி பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்ததால் நாங்கள் மட்டும் உள்நாட்டுப் பாதையால் போனோம். அருவி நன்றாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பாதை மலையிலிருந்து கங்காரு வேலி என்ற பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பலகை: செங்குத்தான இறக்கம், வளைவுகள், கரவன்களுக்கு உகந்ததல்ல.

என் கணவர் காரை ஓரமாக நிறுத்தினார். பலகையை இரண்டு தரம் வாசித்தார்.

"உகந்ததில்லை எண்டுதான் கிடக்கு. போகக்கூடாதெண்டு இல்லை," என்றார்.

இவர் இலங்கையில் பதினொரு வருடம் ரோட்டு எஞ்சினியர். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் மலையைக் குடைந்து பாதை போட்டவர். சிட்னிக்கு வந்த பிறகு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: உள்ளூர் அனுபவம் போதாது. மலைகள் ஊருக்கு ஊர் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கடைசி ஆறு மாதமாக அவர் விண்ணப்பம் போடுவதையும் விட்டிருந்தார். எழுதும் மேசையில் நான் உடுப்பு மடித்து வைக்கத் தொடங்கியிருந்தேன். அவர் அதைக் கவனித்தும் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கடதாசி கேட்டார். மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். காரின் எடை, கரவனின் எடை, சரிவு, பிரேக் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கார் மூடியில் தாளை விரித்து எழுதினார். இறங்கிப் போய் முதல் வளைவைப் பார்த்துவிட்டு வந்தார். பாதை ஓரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். முகத்தில் ஐந்து வருடமாகக் காணாத ஒரு களை.

"ஆர் வி கோயிங் ஓர் நொட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் மகள், வாசித்த புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

"போகலாம்," என்றார் இவர். "ரெண்டாவது கியர்ல மெதுவா இறக்கினால் ஒரு பிரச்சினையும் வராது. பிரேக் மட்டுமட்டாத்தான் தாங்கும், ஆனால் காணும்." தாளை என்னிடம் நீட்டினார். நான் பார்த்தும் விளங்காது என்பது தெரிந்தும் நீட்டினார்.

கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். அவருக்குத் தெரிந்த பாரத்துக்கு.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது நான்கு குடும்பமும் ஒவ்வொருவராக வந்து போயிருந்தார்கள். கரவன் போகிறது என்று தெரிந்த பிறகு யாருக்கும் கை சும்மா இருக்கவில்லை. "அக்கா, ஒரு சின்னச் சாமான்" என்று தொடங்குவார்கள். மாட்டேன் என்று சொல்லும் வாய் எனக்குப் பிறப்பிலேயே இல்லை. எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டேன்.

இப்போது சொன்னால் அந்த முகம் மறுபடி பெட்டி மடிக்கும் முகமாகிவிடும். சொல்லாவிட்டால் மூன்று பேரும் பள்ளத்தாக்கில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன். அவர் சாவியைத் திருப்பும்வரை யோசித்தேன்.

"இஞ்சாருங்கோ. கட்டிலுக்குக் கீழ கொஞ்சச் சாமான் கிடக்கு."

"கொஞ்சமெண்டால்?"

"அரிசி. ரெண்டு மூட்டை."

"வேற?"

"தேங்காய் ஒரு சாக்கு. மாவரைக்கிற கிரைண்டர். மடக்குக் கதிரை இருபது."

"வேற?"

"அம்மி."

"ஆரின்ர அம்மி?"

"சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ."

சாவியைத் திருப்பி எடுத்தார். கரவனுக்குள் போனார். ஒவ்வொன்றாக இழுத்துத் தூக்கிப் பார்த்து எடை சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். எல்லாம் பின்பக்கமாகவே கிடந்தது இன்னும் மோசம் என்றார். திரும்ப முதலிலிருந்து கணக்குப் போட்டார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். அவர் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்தார்.

"இறங்க ஏலாது," என்றார். அவ்வளவுதான். பலகை எத்தனையோ நேரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு கதிரையை விரித்துப் பாதை ஓரத்தில் உட்கார்ந்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எங்களுடையதைவிடப் பெரிய கரவன் ஒன்று பின்னால் வந்து நின்றது. தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் இறங்கி வந்து, கீழே இறங்கப் போகிறீர்களா, இறங்கலாமா என்று கேட்டார். இவர் எழுந்தார். கரவன் என்ன எடை, பிரேக் எப்படி, உள்ளே என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். கிழவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கிழவரின் மனைவி காருக்குள்ளிருந்து, அவர் விட்ட இரண்டு சாமானைச் சேர்த்துச் சொன்னார். இவர் எங்கள் தாளின் மறுபக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்றாவது வளைவுக்குள் பிரேக் சூடேறிவிடும், போகவேண்டாம் என்றார்.

கிழவர் தாளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். உள்ளூர் அனுபவம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சரி, திரும்புகிறேன், வாகனங்களைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்றார்.

இவர் நடு ரோட்டில் போய் நின்று ஒரு கையை உயர்த்தினார். மேலிருந்து வந்த பால் லொறி நின்றது. அதன் பின்னால் இரண்டு கார்கள் நின்றன. மற்றக் கையால் கிழவரைக் கூப்பிட்டார். "வா, வா, இன்னும் வா, நில்! ஸ்டியரிங்கை ஒடி, ஒடி!" அத்தனையும் தமிழில். கிழவர் வா என்றபோது வந்தார், நில் என்றபோது நின்றார். லொறிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் புத்தகத்தை மூடிவிட்டு, டாட் என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பா வேலை செய்யிறார், பார்," என்றேன்.